சொன்னதைச் செய்யும் வண்டி

எங்கள் வீட்டில் நான் சொன்னதைக் கேட்பவர் யாருமில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். போகும்போது ஃபேனை நிறுத்திவிட்டுப் போ என்றால், மகள் போவதையே நிறுத்திவிடுவாள். உச்சி வெயிலில் மாடி ஏறாதே என்றால், அம்மாவுக்கு அப்போதுதான் வடாம் நினைவுக்கு வரும். மனைவி மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்; கேட்டுவிட்டு, தான் முன்பே தீர்மானித்ததைச் செய்வாள். குக்கர்கூட, மூன்றாவது விசிலுக்கு நிறுத்த நான் எழுந்து போவதற்குள் ஐந்தாவதை அடித்திருக்கும்.

இப்படிப்பட்டவனுடைய சாப்பாட்டு மேஜையில், சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு மாலை, மனைவி ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "இதுக்கிட்ட என்ன சொல்றோமோ அதை அப்படியே செய்யுமாம்" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

அவள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளி என்றால் 20 லட்சம் ரூபாய் வரை வரும். இவளுடைய பள்ளிக்கு வந்தது பழைய மாணவர்கள் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்த ரோபோ கிட், நாலு பெட்டி. வகுப்பில் நாற்பது பிள்ளைகள்.

நான் உடனே யோசனை சொன்னேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்று, பீரோவில் வைத்துப் பூட்டு, சாவியை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடு. ஆடிட் வரும்போது பீரோவை உடைத்தால் நாலும் புத்தம்புதிதாக இருக்கும். கணக்குப் பிரிவில் 27 வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பொருளைக் காப்பாற்றச் சிறந்த வழி அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என்பது எங்கள் வேதம். பள்ளிக்கூடங்களுக்கும் இந்த வேதம் தெரியும். நான் படித்த பள்ளியின் நுண்ணோக்கி கண்ணாடி அலமாரிக்குள் இருந்தபடியே பணி ஓய்வு பெற்றது.

"அடுத்த மாசம் கிளாஸ் எடுக்கணும். அதுக்குள்ள நான் கத்துக்கணும்" என்றாள் மனைவி.

"இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. காலேஜ்ல டிரான்சிஸ்டர் ரேடியோ நானே அசெம்பிள் பண்ணினவன். நீ தள்ளு" என்றேன்.

அந்த ரேடியோவைப் பற்றி அவளுக்கு முழு விவரம் தெரியாது. இலங்கை வானொலி வரவேண்டிய இடத்தில் அதில் பக்கத்து வீட்டு மிக்சி வந்துகொண்டிருந்தது.

அவள் தள்ளிக்கொண்டாள். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்குள் அக்ரிலிக் தட்டு ஒன்று, மஞ்சள் மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, முன்னால் தாங்க ஒரு குட்டி உருளை, சிவப்பாக ஒரு மோட்டார் டிரைவர் பலகை, முழிக்கிற மாதிரி இரண்டு கண் வைத்த அல்ட்ராசோனிக் சென்சார், இடியாப்பம்போல் சிக்கிக்கொண்ட பல நிற ஒயர்கள். இவை எல்லாவற்றுக்கும் எஜமானனாக நீல நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அர்டுயினோ பலகை. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், மாணவர்கள் குறைந்த விலையில் வாங்கிப் பழகட்டும் என்று சில வாத்தியார்கள் சேர்ந்து செய்தது. அவர்கள் வழக்கமாகக் கூடிய மதுக்கடையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கடைக்கு அந்தப் பெயர் 1002-இல் முடிசூடிய அர்டுயின் என்ற அரசனால் வந்தது. ஆக, ஆயிரம் வருஷப் பரம்பரை உள்ள சாதனம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "பசங்ககிட்ட அரசன் கதை மட்டும் சொல்லுங்க, நடுவுல பார் வேண்டாம்" என்றாள். அர்டுயினோவின் மூளை நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் முறை துடிக்கும். நினைவாற்றலோ 32 கிலோபைட். என் விடுப்பு விண்ணப்பத்தை ஸ்கேன் செய்தால் அதில் பாதிகூட உள்ளே போகாது.

முதல் பாடம், பலகையில் இருக்கும் கடுகளவு விளக்கை மினுக்கவைப்பது. யுஎஸ்பி ஒயரால் லேப்டாப்போடு இணைத்தேன். பலகையில் பவர் விளக்கு எரிந்தது. லேப்டாப்போ அப்படி ஒரு பொருளைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றது. கழற்றி மாட்டினேன். டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், மூன்று தடவை. லேப்டாப்பின் வயதைக் குறை சொன்னேன். பிறகு மைக்ரோசாஃப்ட். இரண்டாம் நாள் நள்ளிரவில் இத்தாலி தேசத்தையே திட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை மகள் தன் போனுக்குச் சார்ஜ் போட ஒயர் தேடிக்கொண்டு வந்தாள். "இங்கதான் இருக்கா? அப்பா, இது பவர் பேங்க்கோட வந்தது. இதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும்."

யுஎஸ்பி ஒயருக்குள் நாலு கம்பிகள் இருக்கவேண்டும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுவார்த்தைக்கு. சார்ஜ் ஒயர் சிலவற்றில் முதல் இரண்டு மட்டும்தான். சோறு போடும், சொன்னதைக் காதில் வாங்காது. 22 வருஷமாக நான் வாழ்ந்துகொண்டிருக்கும் ஏற்பாடு இது. எனக்கு அடையாளம் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

வேறு ஒயர் போட்டதும் விளக்கு மினுக்கியது. குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இதுக்காடா மூணு நாளா ராக்கண் முழிச்சே? கொலுவுக்கு வாங்கின சீரியல் செட்டுல நூறு மினுக்குதே" என்றாள்.

அடுத்தது மோட்டார். மோட்டாருக்குத் தனி பேட்டரி, அர்டுயினோவுக்குத் தனி மின்சாரம். படத்தில் இருந்த ஒயர்களை எல்லாம் படத்தில் இருந்தபடியே மாட்டினேன், ஒரு கறுப்பு ஒயரைத் தவிர. அது ஜி.என்.டி. என்று எழுதியிருந்த இரண்டு துளைகளுக்கு நடுவே சும்மா போய் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஜி.என்.டி. மாதவரம் பக்கம் போகிற சாலை ஒன்றுதான். அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். விளைவு, அர்டுயினோ ஓடு ஓடு என்று கத்துகிறது; மோட்டார் பலகை அசையவில்லை.

நாலு நாள் ஆயிற்று. விஷயம் இவ்வளவுதான்: அது கிரவுண்ட். மின்னழுத்தம் என்பது உயரம் மாதிரி. எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். அர்டுயினோ 'ஐந்து' என்று சொன்னபோது அது தன் மொட்டை மாடியிலிருந்து ஐந்து. எதிர்ப்பலகை அதைத் தெருவிலிருந்து அளந்துகொண்டிருந்தது. பொதுவான தரை இல்லாமல் இரண்டு பேர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் ஒன்றும் நடக்காது. இதை நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் நோட்டில் வேகமாக எதையோ எழுதினாள். என் விளக்கத்தின் அழகில் மயங்கிவிட்டாள் என்று இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

தரை ஒன்றானதும் வண்டி உயிர் பெற்றது. முன்னால் போ என்றேன். நின்ற இடத்திலேயே சுழன்றது. இரண்டு மோட்டாரும் ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால் ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னும் போகும். ஒரு பக்கத்து ஒயர்களை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. அது எனக்குத் தெரிவதற்கு முன் கூடத்தில் வண்டி சாமி வந்ததுபோல் ஆடியது. அம்மா பூஜை அறையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விபூதி எடுக்க உள்ளே போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு பயபக்தி. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டமாட்டாள்; சுற்றிக்கொண்டு போவாள்.

இதற்கிடையில் மனைவி படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் தொடவே இல்லை என்பது என் எண்ணம். (நான் அலுவலகம் போன பிறகு தினமும் மகளோடு சேர்ந்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். பின்னால் தெரிந்தது.) ஒருநாள் ராத்திரி, சீமோர் பாப்பர்ட் என்பவரைப் பற்றிச் சொன்னாள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் பியாஜேயிடம் குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்கு வந்தவர். 1967-இல் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்று லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். கொஞ்ச நாளில் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகும் ஓர் எந்திரம் வந்தது. அதற்குப் பெயர் ஆமை. ஆமை என்ன செய்யும் என்று தெரியாவிட்டால் நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் பாப்பர்ட் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி. 1980-இல் அவர் எழுதிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் புத்தகத்தின் பெயரைத்தான் லெகோ கம்பெனி 1998-இல் தன் ரோபோ கிட்டுக்கு வைத்தது.

அம்மாவின் காதில் ஆமை மட்டும் விழுந்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. பள்ளிக்கூடத்துக்குள்ளயா விடப்போறே?" என்றாள். அடுத்த வாரம் ஆயுத பூஜை. என் ஸ்கூட்டர், அருவாமனை, மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஆகியவற்றோடு வண்டியும் வரிசையில் உட்கார்ந்தது. பொட்டும் பூவுமாய் நன்றாகத்தான் இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மனைவி, "நீங்களும் கிளாசுக்கு வாங்க, உதவியா இருக்கும்" என்றாள். சிறப்பு விருந்தினர் என்று புரிந்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். பொன்னாடைக்குத் தயாராகக் கழுத்தைக்கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தேன்.

அவள் பெட்டிகளைத் திறக்கவில்லை. "இன்னைக்கு முதல்ல ஒரு பெரிய ரோபோ. அதுக்கு மூணு விஷயம்தான் தெரியும். நட, திரும்பு, நில். சொன்னதை மட்டும் செய்யும். சொல்லாததைச் செய்யாது. இதை மேஜையைச் சுத்திச் சதுரமா நடக்க வைக்கணும்" என்று சொல்லி, என்னைக் காட்டினாள். நாற்பது முகங்களும் மலர்ந்தன. 'யோசிக்கக் கூடாது, சொன்னதைச் செய்யுங்க' என்று என் காதில் தனியாக உத்தரவு.

முதல் பையன் மரியாதையாக, "நட சார்" என்றான். நடந்தேன். எத்தனை அடி என்று அவன் சொல்லவில்லை. கரும்பலகை வந்தது. மூக்கில் சாக்பீஸ் தூளோடு சுவரில் ஒட்டிக்கொண்டு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு பெஞ்சைத் தட்டியது. அடுத்து ஒரு பெண், "நாலு அடி நட. வலப்பக்கம் திரும்பு" என்றாள். எவ்வளவு திரும்ப? சொல்லவில்லை. வீட்டில் எங்கள் வண்டி ஆடிய அதே ஆட்டத்தை நானும் ஆடினேன். தலை சுற்ற ஆரம்பித்த நேரத்தில் ஜன்னலோரம் ஒருத்தி எழுந்தாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு. "நாலு அடி நட. வலப்பக்கம் தொண்ணூறு டிகிரி திரும்பு. இதையே நாலு தடவை செய். நில்." அச்சுப்போட்டாற்போல் ஒரு சதுரம் நடந்து புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றேன். கைதட்டல். அது எனக்கல்ல என்று தெரிந்தும் லேசாகக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நாப்பது தடவை!"

நாற்பது தடவை என்றால் பத்துச் சதுரம். எனக்கு வயது 54. மனைவி தடுக்கவில்லை. ஆறாவது சதுரத்தில் எவனோ குறுக்கே புகுந்து "நேரா நட" என்று மட்டும் சொல்ல, நேராக வாசல். வாசலைத் தாண்டி வராந்தா. எதிரே தலைமையாசிரியர். "வாங்க சார், எப்ப வந்தீங்க?" என்று கைகூப்பினார். நட என்றுதான் உத்தரவு. வணக்கம் சொல்ல உத்தரவு இல்லை. அவரைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, ஏழாம் வகுப்பு பி பிரிவையும் கடந்துகொண்டிருந்தபோதுதான் பின்னால் நாற்பது குரல்கள் சேர்ந்து "நில்!" என்று அலறின.

மூச்சு வாங்கக் கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அப்போது அந்த நோட்டு வெளியே வந்தது. அட்டையில் 'தப்பு நோட்டு' என்று எழுதியிருந்தது. பெட்டிக்குப் பத்துப் பேர். மாட்ட ஒருவர், எழுத ஒருவர், அளக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்தவள், ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஆளைத் தப்பு எழுதுவதற்கென்றே நியமித்தாள். எழுதியவருக்கும் மதிப்பெண் உண்டாம். "மாதிரிக்கு நான் ஒண்ணு எழுதியிருக்கேன், படிக்கிறேன்" என்றாள்.

"ஒருத்தர் சார்ஜ் ஒயரை மாட்டிட்டு மூணு நாள் இத்தாலியைத் திட்டினார். ஏன் வேலை செய்யலை?"

கைகள் உயர்ந்தன. ஒருத்தர் ஜி.என்.டி.யைச் சாலை என்று நினைத்தார். ஒருத்தர் சென்சாரிலிருந்து கிளம்பிய ஒலி சுவரில் பட்டுத் திரும்பிவர எடுத்த நேரத்தை அப்படியே நொடிக்கு 340 மீட்டரால் பெருக்கிவிட்டு, வண்டி சுவருக்குப் பத்து செ.மீ. தூரத்தில் இருக்கும்போது இருபது என்று சாதித்தார். "போக வர ரெண்டு வழியும் சேர்ந்த நேரம் டீச்சர், பாதியாக்கணும்!" என்று ஒரு பொடியன் துள்ளினான். எனக்கு அது உறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. மொத்தம் ஏழு தப்பு, ஏழு பாடம். அந்த 'ஒருத்தர்' யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் வீட்டில் தயார் செய்த வண்டியை நான் தரையில் வைத்தேன். இழந்த மானத்தை மீட்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். "20 செ.மீ. தூரத்துல எது வந்தாலும் தானா நிக்கும். சார், நீங்களே எதிர்ல நில்லுங்க" என்று தலைமையாசிரியரை அழைத்தேன். பாலிஷ் போட்ட ஷூவோடு நின்றார். வண்டி கிளம்பியது. நூறு, ஐம்பது, இருபது, பத்து. நிற்கவில்லை. ஷூவில் முட்டி, பின்வாங்காமல் ஏற முயன்றது.

மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கலவரம் இல்லை. "எனக்கும் தெரியலை. கண்டுபிடிங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றாள். 27 வருஷத்தில் என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வராத வாக்கியம் 'எனக்குத் தெரியலை'. இவள் அதை நாற்பது பேர் முன்னால், தலைமையாசிரியரையும் வைத்துக்கொண்டு, டஸ்டரைக் கீழே வைப்பதுபோல் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் கத்தவில்லை, இத்தாலியைத் திட்டவில்லை. வண்டியை லேப்டாப்பில் மாட்டி, சென்சார் முன் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் அசைத்து, திரையில் வரும் எண்ணைப் பார்த்தார்கள். கை அசைந்தது, எண் அதற்கு ஏற்ப மாறவில்லை. அடுத்த பெட்டியிலிருந்த சென்சாரைக் கழற்றி இதில் மாட்டினார்கள். எண் மாறியது. அப்படியானால் எழுதிய நிரல் சரி, ஒயர் சரி, சென்சார்தான். இரட்டைப் பின்னல் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"டீச்சர், ஒரு கண்ணுல சந்தனம்."

இரண்டும் கண்போல் இருந்தாலும், ஒன்று ஒலியை அனுப்பும் வாய், மற்றது கேட்கும் காது. அம்மா இரண்டுக்கும் நடுவில் பொட்டு வைக்கப் பார்த்து, கை நடுங்கி, காதுப் பக்கம் அப்பிவிட்டாள். சந்தனம் காய்ந்து வலைக்கண்ணை அடைத்துக்கொண்டது. எதிரொலி எதுவும் கேட்கவில்லை. எதிரொலி வராவிட்டால் வழியில் யாருமில்லை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி நிரல் எழுதியது யார் என்பதை நோட்டைப் புரட்டாமலே சொல்லிவிடலாம். மனைவி பேனாவைத் திறந்து எட்டாவதை எழுதினாள்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிடத்தான் போயிருக்கு" என்றாள்.

அன்று கிளம்பும் முன் இரட்டைப் பின்னல் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். வகுப்புக்கு வேண்டிய சாமான்களாம். சார் வாங்கி வருவார் என்று டீச்சர் சொன்னாராம். அழகான கையெழுத்தில், ஒரு வரிக்கு ஒரு வேலையாக எழுதியிருந்தாள். மவுண்ட் ரோடு பஸ்ஸில் ஏறவும். ரிச்சி தெரு பக்கத்தில் இறங்கவும். தெருவுக்குள் நடந்து போய் ஒரு கடையில் டேட்டா ஒயர் 4 என்று கேட்கவும். சார்ஜ் ஒயர் கொடுத்தால் வாங்க வேண்டாம். சென்சார் 2 வாங்கவும். பணம் கொடுத்து மீதி வாங்கவும். வீட்டுக்குப் போகவும். நில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே கிளம்பினேன். பஸ் ஏறினேன், இறங்கினேன், தெருவுக்குள் நடந்தேன். வாரநாளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஒரு நாய் படுத்திருந்தது. தாளை எடுத்து மறுபடி படித்தேன். முன்பக்கம் படித்தேன்; திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

கடை மூடியிருந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆகவே அங்கேயே நின்றேன்.